ஒரு தையற்காரியின் குடும்பம்

கலீல் கிப்ரான் என்னும் பெயரைக் கேள்வியுறாத வாசகர் நம்மிடையே மிகச் சிலரே. 1923ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வெளிவந்த அவருடைய ‘தீர்க்கதரிசி’ என்னும் சிறு நூல் உலகத்தின் பற்பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது, தமிழிலும் வந்துள்ளது. அமெரிக்காவில் மணவிழாவிலும் அதனை வாசிக்கிறார்கள். துக்க வீட்டிலும் வாசிக்கிறார்கள். அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும்.

அவருக்கு ஒரு தாய் இருந்தாள். ஒரு தமையன் இருந்தான். இரண்டு தங்கையர் இருந்தனர். லெபனான் மலையிலிருந்து அமெரிக்கா சென்ற அந்த ஐவருள் மூவரை எட்டாண்டுக் காலத்திற்குள் நோய் கொண்டுபோயிற்று. எஞ்சிய இருவருள் ஒருவன் எழுதினான், மற்றொருத்தி தைத்தாள். எழுதியவனை உலகம் அறியும். தைத்தவளின் பெயர் மரியானா. அவளை அறிந்தோர் எத்தனை பேர்? இன்று நாம் கூறப் புகுவது அவளுடைய குடும்பத்தின் வரலாறு. அதில் கவிஞனும் வருவான். ஆனால் ஐவரில் ஒருவனாகவே வருவான்.

மலையும் பட்டும்

லெபனான் மலை நடுநிலக் கடலின் கீழ்க்கரையில் எழுந்து நிற்பது. அதன் வடபகுதியில், கதீஷா என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் விளிம்பில், பிஷர்ரி என்னும் ஊர் உள்ளது. அவ்வூருக்கு மேலே பனி மூடிய உயரத்தில், விவிலியத்தில் புகழப்பட்ட கேதுரு மரங்களில் எஞ்சிய ஒரு தோப்பு இன்னும் நிற்கிறது. ஊர் மக்கள் மாரோனியர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர்; பேசும் மொழி அரபு; அந்நாளில் அவர்களை ஆண்டவர் துருக்கியச் சுல்தான்.

1860இல் அம்மலையில் மாரோனியருக்கும் துரூசியருக்கும் இடையே மூண்ட கலகத்தில் பல்லாயிரவர் மாண்டனர். ஐரோப்பிய அரசுகள் தலையிட்டதன் பயனாக, 1861 முதல் மலைக்குத் தனி ஆட்சி முறை ஒன்று வகுக்கப்பட்டது. அமைதி திரும்பிற்று, மக்கள் தொகை பெருகிற்று, நிலமோ பெருகவில்லை. பாறையை வெட்டிப் படிப்படியாக மண் பரப்பிய சிறு வயல்களில் கண்ட இடமெல்லாம் முசுக்கட்டை மரமே நின்றது. அதன் இலை பட்டுப் புழுவுக்கு உணவு. அப்புழுவின் கூட்டைக் கொதிநீரிலிட்டு நூல் இழுக்கும் ஆலைகளில் மலைநாட்டுப் பெண்கள் கூலி வேலை செய்தனர். நூல் பிரான்சு தேசத்து லியோன் நகரத்திற்குச் சென்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின்னர் சீனத்துப் பட்டும் ஜப்பானியப் பட்டும் ஐரோப்பாவிற்கு மலிவாக வந்து குவியத் தொடங்கின. விலை சரிந்தது. ஒரே பயிரை நம்பிய மலையில் விலை சரிந்தால் யாது நிகழும் என்பதை நாம் விரித்துக் கூற வேண்டுவதில்லை. ஒற்றைப் பயிரின் விலையில் உயிர் வைத்திருப்போர் அதனைத் தாமே அறிவர்.

அக்காலத்தில்தான் அமெரிக்கா என்னும் சொல் மலைக் கிராமங்களில் புழங்கலாயிற்று. 1876இல் பிலடெல்பியா நகரில் நடந்த பெருங் கண்காட்சிக்குச் சில வணிகர் ஜெபமாலைகளும் மரச் சிலுவைகளும் கொண்டு சென்று, பொருளோடு திரும்பினர். அச்செய்தி காட்டுத் தீயெனப் பரவிற்று. முதல் உலக யுத்தம் தொடங்கிய 1914ஆம் ஆண்டிற்குள் மலைநாட்டு மக்களில் கால்பங்கினர் முதல் மூன்றிலொரு பங்கினர் வரை கடல் கடந்துவிட்டனர் எனக் கணிப்பவர் கூறுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும், பிரேசிலுக்கும், அர்ஜென்டினாவுக்கும், மேற்கு ஆப்பிரிக்காவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் அவர்கள் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் சிவப்பு ஓட்டு வீடுகள் எழுந்தன. எவன் வீட்டுக் கூரை சிவந்ததோ அவன் மகன் அக்கரையில் இருக்கிறான் என்று வழிப்போக்கரும் அறிந்துகொண்டனர்.

தாயின் துணிவு

கமீலா பிஷர்ரியில் ஒரு பாதிரியாரின் மகள். மணமானவர் மாரோனியப் பாதிரியாராவதற்குத் தடையில்லை. அவளுடைய முதற் கணவர் பிரேசில் தேசம் சென்று அங்கேயே இறந்தார். கையில் பூத்ரோஸ் என்னும் ஆண் குழந்தை. அவள் அத்துடன் மூலையில் முடங்கவில்லை; மறுமணம் செய்துகொண்டாள். அவ்வூரார் அதனைப் பெரும் பழியாகக் கருதி அவளை ஒதுக்கவும் இல்லை. அவள் பின்னர் மணந்த கணவரின் பெயர் கலீல். அவருக்கு 1883இல் ஓர் ஆண் மகவும், 1885இல் மரியானாவும், 1887இல் சுல்தானாவும் பிறந்தனர். மகனுக்கும் கலீல் என்றே பெயர்.

தந்தை கலீல் சூதாட்டத்தில் கடன்பட்டவர். பின்னர் அதிகாரி ஒருவரின் கீழ் வரி வாங்கும் வேலை செய்தார். 1891ஆம் ஆண்டளவில் வரிப் பணத்தைக் கையாடினார் என்னும் குற்றச்சாட்டின் மீது அவர் சிறைப்பட்டார். வீடும் உடைமையும் அரசினரால் பறிமுதல் செய்யப்பட்டன. குடும்பம் உறவினர் வீட்டில் ஒண்டியது. 1894இல் அவர் விடுதலை பெற்று வந்தார். ஆனால் அதற்குள் கமீலா ஒரு முடிவிற்கு வந்துவிட்டாள். நான்கு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்கா செல்வது. கணவர் வருவதாயின் வரட்டும், இல்லையேல் இருக்கட்டும் என்பதே அது. அவர் வரவில்லை. எழுத்தறிவோ, கைப்பொருளோ, அந்நிய மொழியறிவோ இல்லாத ஒரு தாய், ஆண் துணை என்று கூற மூத்த மகன் ஒருவனையே வைத்துக்கொண்டு, ஒரு மாகடலைக் கடந்தாள். வீரம் என்பது போர்க்களத்தில் மட்டும் காணப்படும் பொருளா?

1895ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்கள் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தனர். மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான் எல்லிஸ் தீவில் குடியேறிகளைச் சோதிக்கும் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. அந்நாளில் அவர்களுக்கு ‘லெபனானியர்’ என்னும் பெயரே ஏட்டில் கிடையாது. துருக்கி நாட்டார் என்று எழுதினர். 1899 முதல் சிரியர் என்று எழுதினர். லெபனான் என்னும் தனி நாடு 1920இல் வரையப்பட்டு, 1943இல்தான் சுதந்திரம் அடைந்தது. எனவே ஒரே குடும்பத்தில் பாட்டன் துருக்கியனாகவும், மகன் சிரியனாகவும், பேரன் லெபனானியனாகவும் அமெரிக்க ஏடுகளில் காணப்படுவான். ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை, ஏடு எழுதியவரின் தலைப்புத்தான் மாறிற்று.

மூட்டை சுமந்தவள்

அவர்கள் பாஸ்டன் நகரத்தின் தென்பகுதியில் ஒரு நெருக்கமான சேரியில் குடிபுகுந்தனர். நியூயார்க்கிற்கு அடுத்தபடியாகச் சிரியர் மிகுதியாக வாழ்ந்த இடம் அதுவே. அயலில் சீனர், ஐரிஷ்காரர், இத்தாலியர், யூதர் முதலிய பல தேசத்து ஏழைகள் வாழ்ந்தனர். கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அறைகளில் வெளிச்சம் அரிது.

கமீலா அங்கே செய்த தொழில் மூட்டை வியாபாரம். அந்நாளைய சிரியர் பலருக்கு அதுவே முதற் படி. தம் இனத்து மொத்த வணிகர் ஒருவரிடம் கடனாகச் சரக்குப் பெறுவர். லேஸ், லினன் துணி, பொத்தான், ஊசி, நூல், ஜெபமாலை ஆகியவற்றைப் பெட்டியிலும் மூட்டையிலும் கட்டி, முதுகில் சுமந்து, தெருத்தெருவாக வீட்டுக் கதவைத் தட்டுவர். விற்ற பின் கடனை அடைத்து மீண்டும் சரக்கு எடுப்பர். இத்தொழிலுக்கு மூலதனம் வேண்டாம். மொழியும் மிகுதியாக வேண்டாம். பொருளைக் காட்டி விலையைக் கூறத் தெரிந்தால் போதும். கால் மட்டும் வேண்டும். பனிக் காலத்தில் பாஸ்டன் நகரத் தெருக்களில் மூட்டை சுமந்து நடப்பது எத்தகைய வேலை என்பதை அறிவாளர் எண்ணிப் பார்ப்பாராக.

இத்தொழிலில் பெண்கள் ஆண்களுக்கு நிகராக, பல இடங்களில் மேலாகவும், பொருள் ஈட்டினர். அந்நிய ஆடவனுக்குத் திறவாத அடுக்களைக் கதவு ஒரு பெண்ணுக்குத் திறந்தது. வீட்டுக்காரியும் வந்தவளும் பேசுவதற்கு மொழியில்லாவிடினும் துணியைத் தொட்டுப் பார்க்கும் கைகளுக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. ஆயினும், ஏழைகளுக்கு உதவ வந்த நகரத்துத் தர்ம சங்கத்தார் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பெண்ணைத் தெருவில் அலையவிட்டு ஆண் வீட்டிலிருப்பது ஒழுக்கக் கேடு என்றனர். தெருவில் விற்பது பிச்சையெடுப்பதற்கு ஒப்பு என்றனர். தம் ஊரிலோ சில முதியோர், பெண் வெளியே சென்று பொருளீட்டுவது குலத்திற்கு இழுக்கு என்றனர். இருபுறத்தாரின் பழியையும் கேட்டுக்கொண்டு அப்பெண்கள் மூட்டையைத் தூக்கினர். இருபுறத்தாரின் வயிற்றையும் அம்மூட்டையே நிரப்பிற்று. ஊரில் எழுந்த சிவப்புக் கூரைகளில் எத்தனை ஓடுகள் பெண்களின் முதுகில் வந்தவை என்று எவரும் எண்ணி எழுதவில்லை.

சில காலத்திற்குள் கமீலா சேர்த்த பணத்தைக் கொண்டு மூத்த மகன் ஒரு சிறு துணிக்கடை வைத்தான். பூத்ரோஸ் என்னும் அவன் பெயர் பாஸ்டனில் பீட்டர் ஆயிற்று. கலீலுக்கு ஆறாண்டு மூத்த அவனே குடும்பத்தின் தூண் ஆனான். தங்கையர் இருவரும் கடையில் உதவி செய்தனர்.

பள்ளி கண்டவனும் காணாதவரும்

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். 1895ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் பன்னிரண்டு வயதுக் கலீல் அருகிலிருந்த குவின்சி பள்ளியில் சேர்க்கப்பட்டான். ஆங்கிலம் அறியாத குடியேறிக் குழந்தைகளுக்கென்று அமைந்த வகுப்பில் அவனை அமர்த்தினர். அவனுடைய முழுப் பெயர் ஜிப்ரான் கலீல் ஜிப்ரான். பள்ளிப் பதிவில் அதன் முன்பகுதியை வெட்டினர். கலீல் என்பதன் எழுத்துக்களில் ஒன்றை இடம் மாற்றினர். அந்தப் பிழையே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பெயராயிற்று. பதிவேட்டில் பெயர் எழுதும் கை ஒரு மனிதனை எவ்வாறு மாற்றவல்லது என்பதை, அவ்வேலையை அறிந்த நாம் ஒருவாறு உணர்வோம். விரைவில் எழுதிய ஒரு வரி நூறாண்டு நிற்கிறது.

மரியானாவும் சுல்தானாவும் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. வறுமை ஒரு காரணம். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்னும் பழவழக்கம் மற்றொன்று. துணிவின் உருவாக விளங்கிய கமீலாவும் இவ்வழக்கத்தைக் கடக்கவில்லை. கடலைக் கடந்தவளால் கடக்க முடியாத நீர் இது. அவளைக் குறைகூறுவது நம் கருத்தன்று. வறியோர் வீட்டில் ஒருவரைப் படிக்க வைக்க மூவர் உழைக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் படிக்கும் அந்த ஒருவர் எப்பொழுதும் ஆண்பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கு விதித்தது?

படித்தவனுக்கு வழிகள் திறந்தன. குடியேறிகளுக்காக நடந்த டெனிசன் ஹவுஸ் என்னும் சேவை நிலையத்தில் அவன் வரைந்த படங்களைக் கண்ட அம்மையார் சிலர், 1896இல் பிரெட் ஹாலண்ட் டே என்னும் செல்வரிடம் அவனை அனுப்பினர். டே நூல் வெளியீட்டாளர். சிறந்த புகைப்படக் கலைஞர். அவர் அச்சிறுவனுக்குக் கீழ்நாட்டு உடை அணிவித்துப் படம் எடுத்தார், புத்தகங்கள் கொடுத்தார், அவன் வரைந்தவற்றை நூலட்டைகளுக்குப் பயன்படுத்தினார். சேரிச் சிறுவன் மாளிகைகளில் நடமாடத் தொடங்கினான். தாயும் தமையனும் இதனை மகிழ்ச்சியோடு அச்சமும் கொண்டு நோக்கினர். தாய்மொழியில் அவன் தேர்ச்சி பெற வேண்டும் என எண்ணி, 1898இல் பெய்ரூட் நகரத்து அல்-ஹிக்மா கல்லூரிக்கு அனுப்பினர். கடையிலும் மூட்டையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு வாழ்ந்த குடும்பம் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பதினைந்து மாதங்கள்

1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சுல்தானா க்ஷயரோகத்தால் இறந்தாள். அவளுக்கு வயது பதினான்கு. செய்தியறிந்து கலீல் பாஸ்டன் வந்து சேர்ந்தபோது அவள் புதைக்கப்பட்டுவிட்டாள்.

அடுத்துப் பீட்டரைப் பற்றிற்று அந்நோய். உடல் தேறுமென்று அவன் கியூபாத் தீவிற்குச் சென்றான், தேறாமல் திரும்பினான், 1903ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் இறந்தான். அதற்கு முன்னரே கமீலா புற்றுநோயுற்றுப் படுத்திருந்தாள். ஜூன் 28ஆம் நாள் அவளும் இறந்தாள். அமெரிக்கக் கரையில் அவள் காலடி வைத்து எட்டாண்டுகள் அப்பொழுதுதான் நிறைந்திருந்தன.

பதினைந்து மாதங்களுக்குள் மூன்று மரணங்கள். இதனை விதி என்று கூறுவார் கூறுக. நாம் அவ்வாறு கூறோம். க்ஷயரோகம் ஒரு கிருமியால் வருவது என்பதை 1882ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் கோக் கண்டு உரைத்தார். வெளிச்சமும் காற்றும் அற்ற அறையில் பலர் நெருங்கி உறங்கினால் அது பரவும் என்பதும் அறியப்பட்டிருந்தது. அதனைக் கொல்லும் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943இல். இடைப்பட்ட அறுபதாண்டுகளில் ஏழைகளுக்கு வேண்டியிருந்தது ஒரு சன்னல், நல்ல உணவு, ஓய்வு. இம்மூன்றையும் அவர்கள் தம் கூலியைக் கொண்டு வாங்க இயலவில்லை. தெய்வத்தின் கணக்கில் எழுதப்பட்டவை பல, வீட்டுச் சொந்தக்காரரின் வாடகைக் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

ஊசி

கலீல் தமையனின் கடையைச் சில காலம் ஏற்று நடத்தினான். வணிகம் அவனுக்குக் கைவரவில்லை. கடையைக் கைவிட்டுக் கடன் தீர்த்தான். பின்னர் எஞ்சியது என்ன? பதினெட்டு வயது மரியானாவும் அவளுடைய ஊசியும். பெண்டிருக்கு உடை தைக்கும் கடை ஒன்றில் அவள் வேலைக்கு அமர்ந்தாள். வாடகை அதிலிருந்து வந்தது. அடுப்பு அதிலிருந்து எரிந்தது. இருபது வயது கலீல் வரைந்தான், எழுதினான்.

1904இல் டே தம் கூடத்தில் அவனுடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கு வந்த மேரி ஹாஸ்கெல் என்னும் பெண்பள்ளித் தலைமையாசிரியை அவன் திறமையைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் துணை நின்றார். 1905இல் அவனுடைய முதல் அரபுச் சிறுநூல் வெளிவந்தது. 1906இலும் 1908இலும் வந்த கதைத் தொகுதிகளில் அவன் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும், மதகுருமாரின் பேராசையையும், விருப்பமில்லா மணத்தில் கட்டுண்டவளின் துயரத்தையும் எழுதினான். அந்நூல்கள் அரபு நாடுகளில் கிளர்ச்சியை உண்டாக்கின. அவை நல்ல நூல்கள், துணிந்த நூல்கள். ஆயினும் அவற்றை எழுதிய மேசைக்கு அப்பால், பள்ளி காணாத ஒரு பெண் பிறர் உடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள் என்பதையும் நாம் உடன் எண்ணாதிருக்க முடியவில்லை. பெண்ணின் அடிமைத்தனத்தை எதிர்த்து எழுதிய எழுதுகோலுக்கு, ஒரு பெண்ணின் ஊசியே மை வாங்கிக் கொடுத்தது.

1908இல் மேரி ஹாஸ்கெல் மாதம் 75 டாலர் அளித்து அவனைப் பாரிஸ் நகருக்கு ஓவியம் பயில அனுப்பினார். மரியானா பாஸ்டனில் தனித்திருந்து தைத்தாள். 1911இல் அவன் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தான். மரியானா பாஸ்டனிலேயே இருந்தாள். 1920இல் மிகாயில் நைமி முதலிய நண்பர்களோடு சேர்ந்து அவன் எழுதுகோல் சங்கத்தை நிறுவினான். கடல் கடந்த ஓர் அந்நிய நகரில் இருந்துகொண்டு அரபு இலக்கியத்தையே அச்சங்கத்தார் புதுப்பித்தனர். 1923இல் ‘தீர்க்கதரிசி’ வந்தது. அவ்வளவும் வரலாற்றில் விரிவாக உள்ளன. அந்த ஆண்டுகளில் மரியானாவின் நாள்களைப் பற்றி அறிய விரும்பினால், பிறர் எழுதிய கடிதங்களின் ஓரங்களில்தான் அவளைத் தேட வேண்டும்.

சட்டத்தின் முன்

இக்குடும்பம் வாழ்ந்த காலத்தில் சிரியர் அனைவரையும் வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. 1790ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, வெள்ளையராகிய சுதந்திர மக்களே குடியுரிமை பெறலாம். 1870இல் ஆப்பிரிக்க வமிசத்தாருக்கும் அவ்வுரிமை விரிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த சிரியர் வெள்ளையரா, அல்லரா? ஒரு நீதிபதி ஆம் என்றார். மற்றொருவர் இல்லை என்றார். 1914இல் தென் கரோலினாவில் ஜார்ஜ் டவ் என்பவர் மறுக்கப்பட்டார்; அவர் மேல் முறையீடு செய்ய, 1915இல் சிரியர் வெள்ளையரே என்று தீர்ப்பாயிற்று.

எட்டாண்டுகள் கழித்து, ‘தீர்க்கதரிசி’ வெளிவந்த அதே 1923இல், பஞ்சாபியராகிய பகத் சிங் திண்ட் அதே கேள்வியுடன் உச்ச நீதிமன்றத்தில் நின்றார். அவர் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையில் சேவித்தவர். இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று அவர் மறுக்கப்பட்டார். முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதனை இழந்தனர். இந்தியருக்கு அக்கதவு 1946இல்தான் திறந்தது.

சிரியர் வென்றனர், இந்தியர் தோற்றனர். ஆனால் அந்த வெற்றி எத்தகையது? ‘நாங்கள் வெள்ளையரே, கருப்பரோ மஞ்சளரோ அல்லேம்’ என்று மன்றாடிப் பெற்ற வெற்றி. வேலி அநீதியானது என்று கூறாமல், வேலிக்குள் எமக்கும் இடம் தருக என்று கேட்டனர். பிள்ளைகுட்டியோடு நின்றவர்களுக்கு வேறு வழி இல்லையென்பதை ஒப்புகிறோம். ஆயினும் அந்த இடமும் உறுதியாக இருக்கவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் சிரியாவிலிருந்து ஆண்டொன்றுக்கு நூறு பேர் அளவிலேயே வரலாமெனக் கதவை அடைத்தது. 1929இல் புளோரிடாவில் லேக் சிட்டி என்னும் ஊரில் சிரிய மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மனைவியைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். அவரையோ ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. தோலின் நிறத்தைக் கொண்டு உரிமை வழங்கும் நாட்டில், தீர்ப்புக் காகிதம் எத்தனை நாள் காக்கும்?

பஞ்சமும் பணமும்

1915 முதல் 1918 வரை லெபனான் மலையில் கொடும் பஞ்சம் நிலவிற்று. நேச நாட்டார் கடலை அடைத்தனர். துருக்கிப் படையார் தானியத்தை எடுத்துக்கொண்டனர். வெட்டுக்கிளி விளைவை அழித்தது. அக்கரையிலிருந்து வரும் பணம் நின்றது. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. முசுக்கட்டை நட்ட வயலில் கோதுமை நட்டிருந்தால் சிலராவது பிழைத்திருப்பர். நியூயார்க்கில் நிவாரணக் குழு ஒன்று அமைக்கப்பட்டது; கலீல் அதன் செயலாளராக உழைத்தார். கடல் கடந்தோர் உயிரோடிருந்து உறவினரின் மரணச் செய்தியைக் கடிதத்தில் வாசித்தனர். ஒவ்வொரு வீட்டிலும், ‘நாம் வந்துவிட்டோம், அவர்கள் இருந்துவிட்டனர்’ என்னும் நினைவு ஓர் ஆறாப் புண்ணாக நின்றது.

கல்லறை வாங்கியவள்

1931ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கலீல் கிப்ரான் நியூயார்க்கில் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பாஸ்டனிலிருந்து விரைந்து வந்த மரியானா உணர்விழந்த அண்ணனையே கண்டாள்.

அவருடைய விருப்பப் பத்திரம் கூறியதாவது: பணமும் பங்குகளும் தங்கைக்கு, கலைக்கூடத்துப் பொருள்கள் மேரி ஹாஸ்கெலுக்கு, நூல்களின் உரிமைப் பணம் பிறந்த ஊராகிய பிஷர்ரிக்கு. ஊருக்கு அளித்த அந்த உரிமைப் பணம் பிற்காலத்தில் பெருஞ் செல்வமாகி, ஊராருக்குள் பகையையும் வழக்கையும் விளைத்தது. உழைத்தவர் அறியாத செல்வம் ஒற்றுமையைக் கெடுப்பது உலக இயல்பு போலும்.

மரியானா அண்ணனின் உடலைக் கப்பலேற்றித் தாயகம் கொண்டு சென்றாள். 1931 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அரசாங்க மரியாதையோடு அதனை எதிர்கொண்டனர். மலைப்பாதை நெடுக மக்கள் திரண்டனர். பன்னிரண்டு வயதில் மூட்டையோடு போனவன் கவிஞனாக மீண்டான். கதீஷாப் பள்ளத்தாக்கில் மார் சர்கிஸ் என்னும் பழைய மடத்தை வாங்க வேண்டுமென்று அவர் எண்ணியிருந்தார். அம்மடத்தை மரியானா விலைக்கு வாங்கினாள். 1932இல் அவருடைய உடல் அங்கே வைக்கப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம். பல நாட்டார் வந்து காண்கின்றனர்.

தாயையும் தமையனையும் தங்கையையும் அவ்வாறு எவரும் கொண்டு செல்லவில்லை. அவர்கள் பாஸ்டன் மண்ணில் கிடக்கின்றனர். மரியானா அம்மண்ணுக்கே திரும்பி வந்தாள்.

நினைவு யாருக்கு?

இக்குடும்பத்தைப் பற்றி நாம் இவ்வளவேனும் அறிவதற்குக் காரணம் என்ன? கலீலும் மேரி ஹாஸ்கெலும் ஒருவருக்கொருவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களை அவ்வம்மையார் அழிக்காமல் காத்து வைத்தார். கவிஞரின் பெயரையே தாங்கிய உறவினரான சிற்பி ஒருவர், தம் மனைவியோடு சேர்ந்து, குடும்பத்தார் நினைவிலிருந்தவற்றையும் ஏடுகளையும் திரட்டி 1974இல் ஒரு வரலாறு எழுதினார். எழுத்து இருந்தமையால் வரலாறு இருக்கிறது.

கமீலா ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கதவு அவள் முகத்தில் சாத்தப்பட்டது, எந்தக் கதவு திறந்து ஒரு கோப்பைச் சூடான பானம் நீட்டிற்று என்பதை நாம் ஒருநாளும் அறியோம். சுல்தானா பதினான்கு ஆண்டுகளில் என்ன கனவு கண்டாள் என்பதையும் அறியோம். மரியானா தைத்த உடைகள் கிழிந்து மண்ணாயின. ஒரு கவிஞனைக் கண்டெடுத்த பெருமை செல்வருக்கும் ஆசிரியைக்கும் வழங்கப்படுகிறது, அது நியாயமே. ஆனால் அவர்கள் கண்டெடுக்கும் வரையில் அவன் பட்டினி கிடவாமல் காத்தவர் எவர்? மூட்டை சுமந்த ஒருத்தி, கடையில் நின்ற ஒருவன், ஊசி பிடித்த ஒருத்தி.

கடல் கடந்த எந்த மக்களின் வரலாறும் இத்தகையதே. வென்றவனின் பெயர் கல்லில் நிற்கும். அவனைச் சுமந்தோரின் பெயர் வாய்மொழியாகச் சில காலம் நின்று, கேட்பாரின்றி மறையும். ஆதலின், அன்பர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையில் கப்பலேறி வந்த கதையறிந்த முதியவள் ஒருத்தி இன்னும் இருப்பாளாயின், இன்று மாலையே அவளருகில் அமருங்கள். அவள் கூறுவதை எழுதி வையுங்கள். எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள பெண்குழந்தையிடம் கொடுங்கள். அதற்கு அவள் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் அன்றோ?